பேர் கொடுக்கிற அக்கா

அந்த அக்கா ஒருவரைச் சபித்தால் விலாசத்தோடுதான் சபிப்பார். "சபிக்கலம்மா, ஒப்படைக்கிறேன்" என்று திருத்துவார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். திடீரென்று கத்தியை நிறுத்திவிட்டு, கண்ணைக்கூட மூடாமல், சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். "யப்பா, எங்க பிளாட்டுல பி பிளாக், ஏழாவது மாடி, லிஃப்டுல இருந்து ரெண்டாவது வீடு. நேத்து அந்த ஆளு குடிச்சிட்டு வந்து பெத்த தாயப் படியில தள்ளிவிட்டான். கெழவிக்குக் கை ஒடிஞ்சிருச்சு. நீல கலர் மோட்டார் சைக்கிள் வச்சிருக்கான். பாத்துக்கோ." பிறகு மறுபடி வெங்காயம்.

"கடவுளுக்கு மாடி நம்பர் தெரியாதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியும்லா. நான் பாத்தேன்னு அவருக்குத் தெரிய வேணாமா?" என்றார். "பழி வாங்குறது அவரு வேலை. யாருன்னு சொல்றது என் வேலை. அவரு வேலைய நான் எடுத்துக்க மாட்டேன். என் வேலைய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அக்கா இறந்து மூன்று வருஷமாகிறது. பேரைச் சொன்னால் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருக்குத் தெரியும் என்பதால் சொல்லப்போவதில்லை. அந்தப் பாதிப் பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள். அவர்கள் வாயில் அவர் பேர் இன்னொரு தடவை புழங்க வேண்டாம்.

என் தாய்மாமன் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டுப் போன பிறகு மாமாதான் என்னைக் கூப்பிட்டுக் கல்லாவில் உட்காரவைத்தார். அதை அவர் மறக்கவில்லை, என்னையும் மறக்கவிடவில்லை. அக்கா அதே கடையில் பின்கட்டில் காய் நறுக்குவார். காலையில் வாசல் பலகையில் அன்றைய சாப்பாட்டைச் சாக்பீஸால் எழுதுவதும் அவர்தான். அச்சடித்ததுபோல எழுத்து. மூன்று பேரும் ஒரே தமிழ்ச் சபைக்குப் போகிறவர்கள். மாமா அங்கே கமிட்டிச் செயலாளர். அக்கா ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் பாடம் வாசிப்பவர். நான் நடு பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்ப்பவள்.

அப்போது அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லி. கொண்டைக்கு ரப்பர் பேண்ட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "எரேமியாவுக்குந்தான் ஆகல" என்பார். கேட்டவர் நகர்ந்துவிடுவார்.

வேதத்தில் அவருக்குப் பிடித்தது தீர்க்கதரிசிகள் மட்டும். அவர்களைப் பற்றிப் பேசினால் அடுத்த தெருவில் குடியிருக்கிறவர்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். "ஆமோசு பாவம். மாடு மேச்சிக்கிட்டு அத்திப்பழம் பொறுக்கிக்கிட்டு இருந்த ஆளு. கோயில்ல போய் உள்ளதச் சொன்னாரு. உடனே அங்க இருந்த பூசாரி, உன் ஊருக்குப் போய்ப் பொழச்சுக்கடான்னு விரட்டிட்டான்." எரேமியா என்றால் குரலே மாறிவிடும். "கயித்துல கட்டி சேத்துக் குழிக்குள்ள எறக்கிட்டாங்கம்மா. தண்ணி இல்ல, வெறும் சேறு. சொந்த ஜனங்க. கடைசியில யாரு தூக்கிவிட்டா? அரமணையில வேலைக்கு வந்த வெளிநாட்டு ஆளு. கந்தத் துணியக் கீழ போட்டு, கக்கத்துல வச்சுக்குங்க ஐயா, கயிறு அறுக்கும்னான். அந்த மனசு சொந்தக்காரனுக்கு வரலை பாத்தியா."

இதையெல்லாம் அவர் சபையில், பெண்கள் கூட்டத்தில், கல்யாண விருந்தில், எங்கே இடம் கிடைத்தாலும் சொல்வார். 'எரேமியா அக்கா' என்று பட்டப்பேர் வைத்தது என் மாமா. சபைச் சாப்பாட்டு நாளில் மைக்கைப் பிடித்து, மூக்கில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "யப்பா, சி பிளாக், மூணாவது மாடி, கதவு பச்சைப் பெயிண்ட்டு" என்று அவரைப்போலவே பேசிக்காட்டுவார். மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரிக்கும். பாஸ்டர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரிப்பார். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். முதலாளி ஜோக் அடித்தால் கேஷியர் சிரிக்க வேண்டும், அது எழுதாத சட்டம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது.

அக்கா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரு பருக்கை விடமாட்டார்.

பொய் எழுதவராத கை அது. ஒருநாள் முந்தின நாள் மீன்குழம்பு ஒரு குண்டான் மிஞ்சிவிட்டது. "புது மீன்குழம்புன்னு எழுது" என்றார் மாமா. அக்கா பலகையில் 'நேற்று வைத்த மீன்குழம்பு' என்று எழுதிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா பார்ப்பதற்குள் பதினொன்றரை மணிக் கூட்டம் வந்துவிட்டது. நேற்று வைத்த மீன்குழம்பின் அருமை தமிழனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? ஒரு மணிக்குக் குண்டானைச் சுரண்டியாயிற்று. மாமாவுக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. "இந்தப் பைத்தியத்தக் கொண்டுபோய் எங்க விடுறது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வாடிக்கையாளர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

அக்காவுக்கு வலிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குப் போனேன். உள்ளே அக்கா மூட்டையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அழுகை என்றால் மூக்கைச் சிந்தி, சண்டைபோடுகிற அழுகை. "நீ என்னை நல்லா ஏமாத்திட்ட. சொல்லச் சொன்னது நீ. சிரிக்கிறது இவங்க. நடுவுல நிக்கிறது நான். போதும்பா, இனிமே வாயத் தொறக்க மாட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "வாய மூடினா நெஞ்சு எரியுது. எரியுதே, என்ன செய்ய?" என்றார். நான் அரிசி எடுக்காமலே திரும்பிவிட்டேன். அன்று மத்தியானமே மறுபடி ஒரு பேர் கொடுத்தார்.

இனி மாஸ்டரின் கதை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்லிவந்தேன்.

கடையின் பெரிய சமையல்காரர் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மூன்று பெண்கள். மூத்தவளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. "பொண்ண நான்தான் புடிச்சுக் குடுக்கணும்மா, ஒரு வாரம் போதும், போயிட்டு ஓடியாந்துருவேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். போக ஒரே ஒரு தடைதான். அவருடைய பாஸ்போர்ட்டும் மற்ற ஆறு வேலைக்காரர்களுடைய பாஸ்போர்ட்டும் கல்லாவுக்குக் கீழே இரண்டாவது டிராயரில் இருந்தன. சாவி என் இடுப்பில் இருந்தது.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில் மாமா ஒரு காரியம் செய்தார். கமிட்டித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. காணிக்கையாக வந்த காய்கனிகளின் ஏலம் முடிந்து, பூசணிக்காயும் வாழைத்தாரும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கிளம்புகிற நேரம். மாமா மைக்கைப் பிடித்தார். "இன்னைக்கு ஆண்டவர் என் இருதயத்துல பேசினாரு. என் வேலைக்காரங்க பாஸ்போர்ட்ட இனிமே நான் வச்சிருக்க மாட்டேன். அவங்க சாமான் அவங்க கையில" என்று ஏழு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பாஸ்டர் கட்டிப்பிடித்தார். போட்டோ அன்று சாயங்காலமே சபை வாட்ஸ்அப்பில் வந்தது. மாஸ்டர் கடவுச்சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்ற படம் இப்போதும் என் போனில் இருக்கிறது.

தேர்தலில் மாமா ஜெயித்தார். ஜெயித்த நான்காம் நாள், "வேலை பெர்மிட் புதுப்பிக்கணும், எல்லாரும் பாஸ்போர்ட்டக் குடுங்க" என்று வாங்கினார். வாங்கியதை என்னிடம் கொடுத்து டிராயரில் போடச் சொன்னார். போட்டேன். பூட்டினேன்.

மாஸ்டர் போய்க் கேட்டார். "தைப்பூசக் கூட்டத்துக்கு ஆளு வேணும்யா. பத்துமலைக்குப் போறவன் வர்றவன் எல்லாம் இங்கதான் வந்து நிப்பான். நீ போனா கடையச் சாத்தவா? தம்பி இருக்கான்ல, அவன் புடிச்சுக் குடுக்கட்டும்" என்றார் மாமா. போலீசுக்குப் போனால் மாமா பெர்மிட்டை வெட்டிவிடுவார். பெர்மிட் போனால் இன்னும் இரண்டு பெண்களை எதை வைத்துக் கரையேற்றுவது? மாஸ்டர் அடுப்படிக்குத் திரும்பிப் போய்ச் சாம்பாரைக் கிண்டினார்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு. ஆறுதலான ஒரு பாடத்தை வாசிக்கச் சொல்லி அக்காவிடம் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கா அதை விட்டுவிட்டு எரேமியாவைத் திருப்பினார். ராஜாவும் பிரபுக்களும் ஆலயத்தில் நின்று சத்தியம்பண்ணி அடிமைகளை விடுதலையாக்கியது, பிறகு மனம் மாறி அதே ஆட்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டது, அதற்காகக் கடவுள் பட்டணத்தையே நெருப்புக்குக் கொடுப்பேன் என்றது, முழுவதும் வாசித்தார். வாசித்து முடித்து, தலையைத் தூக்கி, "யப்பா, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடை. கல்லாவுக்குக் கீழ, ரெண்டாவது டிராயர்" என்றார்.

சபை உறைந்துபோனது. ஒரு நொடிதான். முன் பெஞ்சில் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "டிராயர் நம்பர் வரைக்கும் குடுத்தாச்சுலா!" என்றார். அவ்வளவுதான், எல்லோருக்கும் உயிர் வந்தது. பின்னால்வரை சிரிப்பு போயிற்று. அன்றோடு அக்காவைப் பாடம் வாசிப்பதிலிருந்து நிறுத்தினார்கள். கடையில் பலகை எழுதுவதையும் பிடுங்கி, தட்டுக் கழுவப் போட்டார் மாமா.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டார்கள். எங்கள் சபையில் புதுவருஷக் காலையில் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஆசீர்வாதமான ஒரு வசனம் எழுதிய அட்டை. தட்டில் மடித்துப் போட்டிருக்கும். கைக்கு வந்ததை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அந்தக் குடும்பத்துக்கு அந்த வசனம்தான் காவல். நல்லநேரம் பார்க்கிறவர்களைக் கேலி பண்ணுகிற ஜனங்கள், அட்டை விஷயத்தில் மட்டும் மூச்சுக்காட்டமாட்டார்கள். பிரிட்ஜில் ஒட்டிவைத்துத் தொட்டுக் கும்பிடாத குறை. கடையில் அச்சடித்தது கிடைக்கும், பாஸ்டருக்கு அக்காவின் கையெழுத்துதான் வேண்டும். வருஷாவருஷம் நூற்றுநாற்பது அட்டை எழுதிக்கொடுப்பார். அந்த வருஷமும் எழுதிக்கொடுத்தார். யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

செயலாளர் என்பதால் மாமாதான் முதலில் எடுத்தார். புதுச் சட்டை, மல்லிகைப்பூ வாசம், பக்கத்தில் அத்தை. எடுத்ததை மைக்கில் வாசிப்பது அவருக்குப் பழக்கம். கணீரென்று ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. விட்டுவிட்ட ஆட்களைத் திரும்பப் பிடித்தவர்களுக்குப் பட்டயம் என்கிற வாளும் பஞ்சமும் கொள்ளைநோயும் என்று எரேமியா சொன்ன இடம். "தப்பா விழுந்திருச்சு போல" என்று சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்தார். அதுவும் அதே. மூன்றாவதும் அதே. அத்தை தட்டில் கையைவிட்டு நாலைந்தை அள்ளிப் பிரித்தாள். அதற்குள் வரிசையில் நின்றவர்கள் தட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். நூற்றுநாற்பது அட்டையிலும் ஒரே வசனம். ஒரு எழுத்துப் பிசகாமல், அதே அச்சடித்த கையெழுத்து.

ஐயோ, அந்தக் காலை! வீடு வாங்க வேண்டும் என்று காத்திருந்தவள் அட்டையைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோலச் சேலை முந்தானையில் கையைத் துடைத்தாள். அத்தனை பேர் முகத்திலும் ஒரே பயம். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கரும்பு தின்ற மாதிரி இருக்கிறது. ஒளிக்கவில்லை, இருக்கிறது.

கடைசி பெஞ்சில் அக்கா கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் போய், "என்ன சிஸ்டர் இது?" என்றார்.

"ஒருத்தருக்கு மட்டும் எழுதினா யாரு கைக்குப் போகும்னு தெரியாது பாஸ்டர். அதான் எல்லாத்துலயும் எழுதிட்டேன்."

"அவரு செஞ்சதுக்கு நாங்க என்ன செஞ்சோம்?" என்று கத்தினாள் வீடு வாங்கப்போகிறவள்.

"சிரிச்சீங்க" என்றார் அக்கா.

அட்டைகளைக் கிழித்து அவர் தலையில் போட்டார்கள். யாரோ கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுபோய்விட்டார்கள். செருப்பு உள்ளேயே கிடந்தது. மாமா மைக்கில், "பைத்தியத்துக்காக ஜெபம் பண்ணுவோம்" என்றார். ஜெபம் பண்ணினார்கள்.

கடை வேலையும் அன்றோடு போயிற்று. மறுநாள் அக்கா தன் கத்தியை எடுத்துப்போகக் கடைக்கு வந்தார். சொந்தக் கத்தி, அதை மட்டும் விடமாட்டார். மாமா இல்லாத நேரம். கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சாவி உன்கிட்டதானம்மா இருக்கு?"

"அது மாமாவோட சாமான்க்கா."

"மாமா சாமான்ல மாஸ்டரோட மூஞ்சி எதுக்கு ஒட்டியிருக்கு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அது அவருக்கும் தெரியும். "உங்க ஆளுகிட்டச் சொல்லுங்களேன். அவ்வளவு பெரிய கடவுள், அவரே வந்து தொறக்கட்டும்லா" என்றேன். மாமா பேசுகிற அதே இழுவை என் வாயில் வந்தது.

"சொல்லுவேன்" என்றார் அக்கா. "ஆனா அவருகிட்ட சாவி இல்லையே."

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரத்தில் இருபத்தொரு காலை. ஒவ்வொரு காலையும் நான்தான் முதலில் கடை திறப்பேன். மாமா பத்து மணிக்குத்தான் வருவார். மாஸ்டர் நாள் நெருங்க நெருங்கப் பேசுவதைக் குறைத்தார். என்னைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார். நான் சில்லறை பிரித்தேன், பில் போட்டேன், பூட்டைத் தொடவில்லை.

ஊரில் முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு. இங்கே சரியாகப் பன்னிரண்டு மணி, மத்தியானக் கூட்டம். மாஸ்டர் போனை எண்ணெய் டின்னில் சாய்த்துவைத்துக்கொண்டு வேலை செய்தார். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார், அடுப்படியில் வெள்ளைச் சட்டை. பின்வாசல் வழியாக அக்கா வந்தார். பட்டுச்சேலை, தலையில் பூ. பூ வைத்து நான் அவரைப் பார்த்ததே இல்லை. "கல்யாண வீட்டுக்கு வந்திருக்கேன் மாஸ்டர்" என்றார்.

நான் ஒரு ஆர்டர் சொல்ல அடுப்படிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். போனுக்குள் மாஸ்டரின் தம்பி, மணப்பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்தார். மேளச்சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. மாஸ்டர் மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளினார். தாலி ஏறும்போது அந்தச் சின்னக் கண்ணாடிமேல் போட்டார். "நல்லா இரு சாமி, நல்லா இரு." அரிசி கண்ணாடியில் பட்டுத் தெறித்து எண்ணெய்ச் சட்டியில் விழுந்து பொரிந்தது. அக்காவும் ஒரு பிடி போட்டார். பிறகு மாஸ்டர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, "என்னம்மா ஆர்டர்?" என்றார் என்னிடம்.

மாமா உள்ளே வந்தார். "என்ன டிராமா நடக்குது இங்க? எரேமியாவுக்குப் பூ எல்லாம் வச்சிருக்கு!"

அக்கா அவரைத் தாண்டிக் கடைக்குள் போனார். நாற்பது பேர் இலைபோட்டு உட்கார்ந்திருக்க, நடுவில் நின்றார். "யப்பா" என்றார். மாமாவின் பேரைச் சொன்னார், முழுப் பேர், வீட்டு விலாசம். பாஸ்டர் பேரைச் சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். மாமா பின்னால் நின்று கைகளை விரித்து அவரைப்போலவே வாயசைத்துக் காட்டினார். அக்கா நிறுத்தவில்லை. கடைசியில் என் பேரைச் சொன்னார். "கல்லாவுல உக்கார்ற பொண்ணு. சாவி அவ இடுப்புல. இருபத்தொரு நாளு இருந்துச்சு. பாத்துக்கோ."

என்னைப் பார்க்கவேயில்லை. பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் டிராயரைத் திறந்தேன். ஏழு பாஸ்போர்ட்டையும் ஏழு பேரிடம் கொடுத்தேன். மாஸ்டர் வாங்கி, பிரித்து, தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உளுந்து அரைக்கப் போனார். மாமா பத்து மணிக்கு வந்தார். விஷயம் தெரிந்ததும் எல்லோர் முன்னாலும் என்னை ஒரு அறை அறைந்து, "நன்றி கெட்ட நாயே" என்று வெளியே தள்ளினார். பாஸ்போர்ட்டைத் திரும்பக் கேட்டு ஏழு பேரிடமும் கத்தினார். யாரும் கொடுக்கவில்லை. அந்த மாதத்துக்குள் நாலு பேர் போய்விட்டார்கள்.

மாமாவுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. பூச்சோங்கில் இரண்டாவது கடை திறந்துவிட்டார். இன்னும் அவர்தான் செயலாளர். அவர் இவர் என்றுதான் எழுதவருகிறது, பழக்கதோஷம். அந்த மேடையில் அந்த ஆள் மைக்கைப் பிடித்து நிற்பதைப் போனில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொள்ளைநோய் எங்கே, பட்டயம் எங்கே? இந்த ஊரில் சர்க்கரை வியாதி யாருக்குத்தான் இல்லை, அந்த ஆளுக்கு அதுகூட இல்லை.

அக்கா கிள்ளானில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் கழித்துத் தேடிப்போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், அதே கத்தி. அங்கேயும் ஒரு சபையைப் பிடித்திருந்தார். அங்கேயும் சிரிக்கிறார்களாம். "எங்கதான் சிரிக்கல" என்றார்.

நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். டிராயரைத் திறந்தது, அறை வாங்கியது, வேலை போனது, ஒரு துணிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிக் கிடப்பது. மெடல் குத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. "அந்த ஆளுக்கு ஒன்னுமே ஆகலையேக்கா, எனக்குத்தான் எல்லாம் ஆச்சு" என்றேன்.

"ஆகும். லேட்டாகும். எரேமியாவையே நாப்பது வருஷம் காக்கவச்சாரு."

"என் பேரையாவது எடுத்துடுங்கக்கா. நான்தான் தொறந்துட்டேன்ல."

அக்கா கத்தியை நிறுத்தினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"என்னைக்கும்மா தொறந்த?"

சொன்னேன்.

"கல்யாணம் என்னைக்கு?"

அவருக்குத் தெரியாதா? பூ வைத்துக்கொண்டு வந்து நின்றவர். என் வாயாலேயே கேட்க வேண்டும் என்று இருந்தார்.

"அதுக்கு முந்தின நாள்" என்றேன்.

"அப்ப இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வெண்டைக்காயை எடுத்தார்.